தையலுக்குள் விட்ட துணி

நத்தார்ப் பண்டிகைக்குத் தைப்பித்த சாறிச் சட்டை மாசி மாதக் கலியாணத்துக்கு ஏறவில்லை. பிரித்து விடலாம் என்று உட்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தையலுக்கு அங்கால் ஒரு நூல் அகலத்துக்குக்கூடத் துணி இல்லை. ஒட்ட வெட்டி எறிந்திருக்கிறான். கடைக்கே கொண்டுபோய்க் கேட்டேன். "இப்ப ஆரும் உள்ளுக்குத் துணி விடுறல்ல அன்ரி, ஃபினிஷிங் வராது" என்றான் கடைக்காரன். "போடவே ஏலாத சட்டைக்கு என்ன ஃபினிஷிங்" என்று நன்றாக ஏச்சுக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கட்டை. கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் தையலக்காவை நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் சட்டைக்காரன் மேல் இருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. ஊரில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்குத் தையலக்கா, பிள்ளைகளுக்குத் தையல் மாமி. கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் வீடு. முன் விறாந்தையில் காலால் மிதிக்கிற தையல் மெசின். எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்தான். பாட்டு வராது, ஆனாலும் ஆராதனையில் முதல் வரிசை வாங்கில் இருந்து உரத்துப் பாடுவார். வாயில் எந்நேரமும் இரண்டு மூன்று குண்டூசி இருக்கும். அதோடுதான் கதை, சிரிப்பு, ஏச்சு எல்லாம். ஊசியை வெளியே எடுத்தார் என்றால் ஏதோ பாரதூரமான விசயம் சொல்லப்போகிறார் என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதல் கேள்வி, "ஆருக்கு?" என்பது. எனக்குத்தான் என்றாலும் விடமாட்டார். எழும்பு, அந்தப் பக்கம் கிறுகு, கையைத் தூக்கு என்று புதிதாக அளப்பார். போன மாதம்தானே அளந்தீர்கள் என்றால், "அது போன மாச ஆள்" என்பார். தலையணை உறை தைக்கக் கொடுத்தாலும், "ஆரு படுக்கிற தலகணி?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அளந்து முடித்ததும் அந்த அளவுக்குத் தைக்கவும் மாட்டார். தையலுக்கு உள்ளே, இரண்டு பக்கமும், இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விடுவார். வளருகிற பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கு எல்லாத் தையல்காரரும் விடுவதுதான். இவர் எல்லோருக்கும் விடுவார். என் கலியாணச் சட்டையிலும் விட்டிருந்தார். "எனக்கென்ன வளருற வயசா அக்கா?" என்று கேட்டேன். "மேல வளராட்டியும் பக்கத்தால வளரலாம்தானே புள்ள" என்றார் ஊசிக்கு நடுவால். சொன்னது பலித்தது. அந்தச் சட்டையை இரண்டு முறை பிரித்து விட்டுப் போட்டேன்.

சுனாமி அவருடைய பழைய மெசினைக் கொண்டுபோனது. அப்போது நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். வெளிநாட்டுச் சபைகள் அனுப்பிய பெட்டிகள் வந்தன. தையலக்காவின் பங்குக்குக் கிடைத்தது முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு கம்பளிக் கோட்டு. மட்டக்களப்பு வெக்கைக்கு! நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த நேரத்தில் நாங்கள் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான். அவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு முகாமில் ஒரு சுற்று நடந்து காட்டினார். பிறகு இருந்து கைத்தையலாலேயே அதைப் பிரித்து, ஒரு கைக்குழந்தைக்குப் போர்வை தைத்துக் கொடுத்தார். "அனுப்பினவங்களுக்கு நல்ல மனசுகா. என்னத்தான் தெரியா" என்றார். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை, உள்ளதைச் சொன்னார்.

இதெல்லாம் மனதில் இருந்திருந்தால் நான் அன்றைக்கு அவ்வளவு சுலபமாக அவர் வீட்டுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கமாட்டேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் மாதர் சங்கத்தை இருக்கச் சொன்னார். ஆபிரிக்காவில், சாம்பியா நாட்டில், ஒரு சபை கடும் நோய் வருத்தத்தில் வீட்டோடு படுத்திருப்பவர்களைப் பராமரிக்கிறதாம். அவர்களுக்குப் பொதி கட்டி அனுப்ப மற்றச் சபைகளைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பொதிக்குள் சவர்க்காரம், துவாய், படுக்கை விரிப்பு, கையுறை, உடம்புக்குப் பூசும் கிறீம், பிறகு பின்பக்கம் திறந்து நாடா கட்டுகிற பருத்திக் கவுண் ஒன்று. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சுனாமிக்கும் சண்டைக்கும் பெட்டி வாங்கியே பழகிய சபை, முதல் தடவையாக ஒரு நாட்டுக்குப் பெட்டி அனுப்பப்போகிறது! சங்கத்தின் செயலாளர் நான். கவுண் தைக்க யாரைக் கேட்பது என்று யோசிக்கவே இல்லை.

"ஆருக்கு?" என்றார் தையலக்கா.

"அதுதான் சொன்னனே அக்கா, சாம்பியாவில வருத்தக்காரருக்கு."

"அது விளங்குது. ஆள் ஆரு? ஆம்பிளையா பொம்பிளையா? நெட்டையா கட்டையா?"

"அதெல்லாம் தெரியா. எல்லாருக்கும் பொருந்துற மாதிரி ஒரே அளவில தைக்கட்டாம்."

குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து மெசினில் வைத்தார். எனக்குப் பயம் பிடித்தது. "எல்லாரும் எண்டு ஒரு ஆள் இரிக்கா புள்ள? அந்தக் கம்பளிக் கோட்டத் தச்சவனும் இப்படித்தான் தச்சிரிப்பான்" என்றார். துணியைத் தடவிப் பார்த்தார். "வருத்தம் வந்தா உடம்பு எங்கயும் ஒண்டுதான். இங்க படுத்திரிக்கிறவங்கட அளவ எடுப்பம். ஒவ்வொரு கவுணும் ஒவ்வொரு ஆளுக்கு. அங்க போய் அந்தந்த அளவுக்காரரத் தேடிக்கொள்ளட்டும்."

விசர் வேலை என்றுதான் எனக்குப் பட்டது. சொல்லியும் பார்த்தேன். அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

முதல் போனது எங்கள் ஒழுங்கைத் தலைப்பில் இருந்த மீன்பிடிக்காரர் வீட்டுக்கு. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப் படுத்திருந்த மனிதர். தையலக்கா உள்ளே போய், அவருடைய தலையிலிருந்து கால்வரை நாடாவைப் பிடித்தாரோ இல்லையோ, மனிதரின் பெண்சாதி குசினிக்குள் இருந்து வந்து கண்டுவிட்டா. போட்டாவே ஒரு கூச்சல்! "என்ட புருசனுக்கு இன்னும் மூச்சு இரிக்குகா! அதுக்குள்ள பெட்டிக்கு அளவெடுக்க வந்திட்டியா?" சவப்பெட்டிக்குத்தான் எங்கள் ஊரில் படுத்த ஆளை அளப்பார்கள். தையலக்காவுக்கு அந்த நினைப்பே வந்திருக்கவில்லை. அக்கம்பக்கம் கூடிவிட்டது. நான் வேலிக்கு வெளியே நின்று, பூமி பிளந்து உள்ளே போகமாட்டேனா என்று தவித்தேன். கடைசியில் படுத்திருந்த மனிதரே குழறிக் குழறிச் சொன்னார்: "எடுக்கட்டும், விடு. எதுக்கெண்டாலும் உதவும்." சொல்லிவிட்டுக் கோணல் வாயால் சிரித்தார். பெண்சாதி தலையில் அடித்துக்கொண்டு அழுதா, பிறகு அவவும் சிரித்தா.

அன்றோடு தையலக்கா அளவு நாடாவை வீட்டில் வைத்துவிட்டார். பாவாடைக்குக் கட்டுகிற வெள்ளை நாடாவில் துண்டு வெட்டிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவார். வருத்தம் பார்க்கப் போகிறவர் போல ஒரு தோடம்பழத்தோடு போய்க் கட்டிலில் இருப்பார். கதையோடு கதையாகத் தோளைப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, நாடாவில் தோளுக்கு ஒரு முடிச்சு, நெஞ்சுக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று போடுவார். காத்தான்குடியில் எங்களுக்குப் பருத்தித் துணி தந்த கடை முதலாளி விசயத்தைக் கேள்விப்பட்டு, "என்ட வாப்பாவும் படுக்கையிலதான் அம்மா. அவர நான் அளந்து தாறன்" என்று நாடா வாங்கிப்போய், முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தையலக்கா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல நெஞ்சகலமான மனிசன்" என்றார். அவருடைய விறாந்தைச் சுவரில் அடித்த ஆணியில் முடிச்சுப் போட்ட நாடாக்கள் தொங்கத் தொடங்கின.

எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வந்துவிடக்கூடாது என்று நான் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அம்மா படுத்திருந்தார். புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுப்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டால் பதில் இல்லை. கஞ்சி கொடுத்தால் உதட்டை மூடிக்கொள்வார். ஒருகாலத்தில் சபையில் எடுப்பாகச் சாறி உடுத்துபவர் என்று பெயர் எடுத்தவர். தன் மெலிந்த உடம்பை நான் பார்ப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. விளக்கை அணைத்தால்தான் உடுப்பு மாற்ற விடுவார். அம்மா சாகப்போகிறார் என்பதற்கு நான் என்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் என் முகத்தைப் பார்க்காமலே, சுவரைப் பார்த்தபடியே போய்விடுவதற்குத் தயாராக இருக்கவில்லை. இந்த நிலையில் உடம்பை அளக்க ஆள் வந்தால்?

தோடம்பழத்தோடு தையலக்கா படியேறியதைக் கண்டதும் குறுக்கே நின்றேன். "இங்க வேணாம் அக்கா. கும்பிட்டுக் கேக்கிறன்." அவர் என்னைக் கையால் ஓரமாக்கிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் இருந்தார்.

"மாமி, சாம்பியாவில ஒரு மனிசி படுத்திரிக்கா. அவவுக்கு ஒரு கவுண் தைக்கோணும். அவட அளவு எனக்குத் தெரியா. உங்கட அளவக் கொஞ்சம் தாங்களன்."

அம்மாவின் முதுகு அசையவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். வெகுநேரம் கழித்துச் சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அவளும் என்னப் போலயா?"

"ஓம் மாமி. உங்களப் போலதான்."

"சாப்பிடுறாளா?"

"எங்க சாப்பிடுற! அவட மகள் ஒருத்தி இரிக்காளாம். பொறுமை இல்லாதவள். கஞ்சியத் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு கரச்சல் குடுக்கிறாளாம். எப்படிச் சாப்பாடு இறங்கும்?"

அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓடிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பினார். வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

தையலக்கா அளந்தார். அம்மாவின் பழைய அளவு அவர் கைக்குத் தெரியும். எத்தனை வருடம் சட்டை தைத்துக் கொடுத்த கை! முடிச்சு விழவேண்டிய இடத்தைத் தாண்டி விரல் உள்ளே உள்ளே போனதை நானும் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டுத் தோடம்பழத்தை உரித்து அம்மாவின் வாயில் ஒரு சுளையை வைத்தார்.

அந்தக் கவுண் தைத்து வந்ததும், போட்டுப் பார்க்கவேண்டும் என்று அம்மாவே கேட்டார். ஒருநாள் முழுக்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்துவிட்டு, அடுத்தநாள் தையலக்காவைக் கூப்பிடச் சொன்னார். "புள்ள, முதுகில கட்டுற முடிச்சு மல்லாந்து படுக்கேக்க குத்துது. படுத்தே கிடக்கிறவளுக்கு ஏன் முதுகில முடிச்சு? விலாப் பக்கம் கட்டுற மாதிரித் தை." தையலக்கா தைத்து முடித்திருந்த எல்லாக் கவுண்களிலும் நாடாவைப் பிரித்துப் பக்கத்துக்கு மாற்றினார். அதன்பிறகு புதிதாகத் தைத்த ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக்கு வந்துதான் போனது. அம்மா மடியில் வைத்து, உட்பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பார்ப்பார். அப்படித் தடவும்போதுதான் ஒருநாள் கை நின்றது.

"இதென்ன, உள்ளுக்கு இவ்வளவு துணி?"

"விரிக்கிறதுக்கு மாமி. உடம்பு போட்டா இறுக்குமெல்லோ."

அம்மா தான் போட்டிருந்த கவுணின் பக்கத்தைப் பிடித்துப் பார்த்தார். அதிலும் இருந்தது. பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, "சோத்துக்குக் கொஞ்சம் மீன் ஆணம் விட்டுக் குழையப் பிசைஞ்சு தா மகள்" என்றார். நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டுத்தான் சோறு பிசைந்தேன்.

அம்மாவைத் தனியே விட்டு வர ஏலாது என்பதால் சங்கக் கூட்டத்தை எங்கள் வீட்டு முன் அறையில் வைத்தோம். பொதி அனுப்புகிற நாள் நெருங்கியிருந்தது. துணி போதவில்லை. ஏன் போதவில்லை என்று பார்த்தால், ஒவ்வொரு கவுணிலும் உள்ளே மடித்து விட்ட துணி. சங்கத் தலைவி நல்ல மனுசிதான், ஆனால் குரல் கொஞ்சம் பெரிது. "உள்ளுக்கு விட்டதெல்லாத்தையும் வெட்டியெடுத்தா இன்னும் கொஞ்சப் பேருக்குக் கவுண் வரும்கா. இது போறது எழும்பாத ஆக்களுக்கு. அவங்க இனி உடம்பு போடப்போறாங்களா?" என்றா. சொன்ன பிறகுதான் உள் அறைக் கதவு திறந்து கிடப்பதைக் கண்டா. கையால் வாயைப் பொத்திக்கொண்டா. இவ்வளவு பாடுபட்டுத் திருப்பிய முகம் மறுபடி சுவருக்குப் போய்விடுமே!

தையலக்கா ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார்.

"எழும்பமாட்டாங்க எண்டு டொக்டர் சொல்லலாம். தேவை வந்தா போதகர் ஐயாவும் சொல்லலாம். அளவெடுத்துத் தைக்கிறவ சொல்லக்கூடாது. ஒட்டத் தச்சு அனுப்பினா அதுதானே நான் சொல்லியனுப்பிற சேதி? நீ இனி இவ்வளவுதான் எண்டு?"

அப்போது உள்ளே இருந்து அம்மா என்னைக் கூப்பிட்டார். போனேன். முகம் வாசலைப் பார்த்தபடிதான் இருந்தது.

"என்ட அலுமாரியத் திற. பருத்திச் சாறியெல்லாம் எடு. துவைச்சுத் துவைச்சு நல்ல மெதுமெதுப்பு, வருத்த உடம்புக்கு நல்லம். எல்லாத்தையும் வெட்டச் சொல்லு. உள்ளுக்குத் துணி விட்டே தைக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "கலியாணத்துக்கு உடுத்த வெள்ளய மட்டும் வை. அது எனக்கு வேணும்."

எதற்கு வேண்டும் என்று கேட்கத் தேவையில்லை. கலியாணத்துக்கு உடுத்த வெள்ளைச் சாறியில்தான் எங்கள் பெண்களைச் சவப்பெட்டியில் கிடத்துவார்கள். அம்மா அதைச் சந்தைக்குப் போகிற விசயம் போலச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலைவி உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதா. "விடு புள்ள, நீ துணிக் கணக்குத்தானே பாத்த" என்று அம்மாதான் அவவைத் தேற்றினார்.

பொதிகள் போயின. அம்மாவின் சாறிகளில் தைத்த கவுண்களும் போயின. தன் அளவில் தைத்த முதல் கவுணைத் துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டுப் பொதிக்குள் வைக்கச் சொல்லிவிட்டார். "அது அவட. நான் போட்டுப் பாத்தது மட்டும்தான்" என்றார். அதன்பிறகு சில நாட்களில் பிரார்த்தனை நேரத்தில், "அந்த மனிசிக்குக் கவுண் கிடைச்சிரிக்குமா?" என்று கேட்பார். கடைசிவரை அந்த மனிசி அம்மாவுக்கு ஒரு ஆளாகவே இருந்தா.

அம்மா ஒரு காலையில் போனார். என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு. நான் கேட்டது அவ்வளவுதான். அது கிடைத்தது.

வெள்ளைச் சாறி இருந்தது. அதற்குரிய சட்டையை எடுத்தால், அந்த உடம்பில் அது நிற்கவே இல்லை. யாரும் சொல்லாமலே தையலக்கா ஆணியில் தொங்கிய அம்மாவின் நாடாவை எடுத்துக்கொண்டு மெசினில் போய் இருந்தார். அம்மாவைக் குளிப்பாட்டி முடிக்க முன்னம் புதுச் சட்டையோடு வந்துவிட்டார். கொக்கி பூட்டுவதற்காக நான் சட்டையின் பக்கத்தைப் பிடித்தேன். விரலில் தட்டியது. தையலுக்கு உள்ளே, இரண்டு விரல் அகலத்துக்கு, மடித்து விட்ட துணி.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "இதுக்குள்ளயும் ஏன்கா விட்டீங்க? இனி ஆருக்கு விரிக்க?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டேன்.

தையலக்காவின் வாயில் அன்றைக்கு ஊசி இருக்கவில்லை. அம்மாவின் காலடிப் பக்கம் நின்று சாறி மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, என்னை ஒரு மாதிரி அதிசயமாகப் பார்த்தார்.

"ஏன் புள்ள, கர்த்தர் கூப்பிட்டு எழும்புற நாளில மாமி இந்த மெலிஞ்ச உடம்போடயா எழும்புவா?"

நான் அம்மாவின் சட்டைக்குக் கொக்கியைப் பூட்டினேன்.